வசனத்தை அனுப்புகிறோம், அதிகாரத்தை வாசிக்கிறோமா?

கொஞ்சம் நீளமான பதிவு இது. ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டுப் பொறுமையாகப் படியுங்கள். உங்களில் பாதிப் பேருக்கு மேல் வேறு சமயத்தைச் சேர்ந்தவர்கள் என்பது எனக்குத் தெரியும். கிறிஸ்தவப் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். ஆனாலும் உங்களுக்கும் இதில் ஒரு வார்த்தை இருக்கும் என்று நம்புகிறேன்.

தினமும் விடிவதற்குள் என் போனுக்கு இருபது, முப்பது வசனப் படங்கள் வந்துவிடுகின்றன. சூரிய உதயம், ஒரு புறா, ரோஜாப் பூ, அதன்மேல் ஒரு வாக்குத்தத்த வசனம். டீச்சரை நினைத்து அனுப்புகிறீர்கள், அதற்கு நன்றி. ஆனால் முப்பத்து மூன்று வருஷம் கணக்குப் பாடம் நடத்தியவளுக்கு ஒரு கேள்வி வராமல் இருக்குமா? விடையை மட்டும் எழுதி, வழிமுறை எழுதாத விடைத்தாளுக்கு நான் முழு மதிப்பெண் போட்டது கிடையாது. "விடை சரிதானே டீச்சர்" என்று சண்டைக்கு வந்தவர்கள் இன்று பெரிய பெரிய கம்பெனிகளில் சூப்பர்வைசராக இருக்கிறார்கள். அவர்களுக்கு அன்று சொன்னதையே இப்போதும் சொல்கிறேன். வசனம் என்பது விடை. அது இருக்கும் அதிகாரம்தான் வழிமுறை. வழிமுறை தெரியாமல் மனப்பாடம் செய்த விடை, கேள்வியில் ஒரு எண்ணை மாற்றினால் உதவாது. வாழ்க்கை எண்களை மாற்றிக்கொண்டே இருக்கிறது.

ஒரு உதாரணம். எனக்கு அதிகமாக வரும் வசனம் எரேமியா 29:11. உங்களைக் குறித்து நான் வைத்திருக்கிற நினைவுகள் நன்மைக்கானவை, தீமைக்கானவை அல்ல என்று தேவன் சொல்லும் வசனம். புது வேலை கிடைத்தாலும் இதை அனுப்புகிறோம், இன்டர்வியூவுக்குப் போகிறவனுக்கும் இதையே அனுப்புகிறோம். அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்துப் பாருங்கள். அது ஒரு கடிதம். நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போன ஜனங்களுக்கு எரேமியா எழுதியது. அதற்கு முந்தைய 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாரும் ஊர் திரும்பிவிடுவீர்கள் என்று அவன் அடித்துச் சொல்கிறான். யாருக்குத்தான் பிடிக்காது? இன்றைக்கு இருந்திருந்தால் அவன் சொன்னதுதான் எல்லாக் குரூப்பிலும் ஃபார்வர்டு ஆகியிருக்கும். ஆனால் எரேமியாவின் கடிதம் சொல்வது வேறு. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், கல்யாணம் செய்யுங்கள், பிள்ளைகளுக்கும் செய்து வையுங்கள், நீங்கள் கொண்டுபோகப்பட்ட அந்த ஊரின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம் செய்யுங்கள் என்கிறது. திரும்ப எழுபது வருஷம் ஆகும் என்றும் சொல்கிறது. அதற்கு அடுத்த வரிதான் நாம் ரோஜாப் பூவின் மேல் எழுதி அனுப்பும் வரி. கடிதத்தைக் கேட்ட பெரியவர்கள் பலர் அந்த நன்மையைக் கண்ணால் பார்த்திருக்கவே முடியாது.

இதைப் படித்தால் நம்பிக்கை குறைந்துவிடுமா? எனக்கு அதிகமானது. காரணம், நம் ஊரே இப்போது அப்படிப்பட்ட ஊர். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் தயாரிக்க ஆரம்பித்ததிலிருந்து சுங்குவார்சத்திரம், மாத்தூர், வல்லம் வடகால், ஒரகடம் வரை எத்தனை ஊர்களிலிருந்து பிள்ளைகள் வந்து இறங்கியிருக்கிறார்கள்! திருவண்ணாமலை, விழுப்புரம், நெல்லை, தூத்துக்குடி, அதைத் தாண்டி ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார். ஒரே அறையில் ஐந்தாறு பேர், ஆளுக்கொரு பாய், சுவரில் ஆணியில் தொங்கும் யூனிபார்ம். "ரெண்டு வருஷம்தான் டீச்சர், கொஞ்சம் சேர்த்துக்கிட்டு ஊருக்குப் போயிடுவேன்" என்று சொல்லாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. அனனியா சொன்ன அதே இரண்டு வருஷம். அப்படிச் சொன்னவர்கள் பலர் பத்து வருஷமாக இங்கேயே இருக்கிறார்கள், ஆனால் இந்த ஊரில் வாழவே ஆரம்பிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது. ஏரியில் குப்பை கொட்டினால் "நம்ம ஊரா இது" என்று போய்விடுகிறார்கள். அவர்களுக்கு 11-ஆம் வசனத்தைவிட 7-ஆம் வசனம் அவசரமாகத் தேவை. நீ கூலிக்கு வந்த ஊராக இருந்தாலும் இதன் நன்மைதான் உன் நன்மை என்று அது சொல்கிறது.

அடுத்தது பிலிப்பியர் 4:13. கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலன் உண்டு என்ற கருத்துள்ள வசனம். பைக்கில் ஸ்டிக்கராக ஒட்டுகிறோம், பரீட்சை அட்டையில் எழுதுகிறோம். பவுல் அதை எழுதியது சிறையிலிருந்து. அதற்கு முந்தின இரண்டு வசனங்களில் அவர் எண்ணிக் காட்டுவது சாதனைகளை அல்ல. வயிறு நிறைந்திருக்கவும் பழகியிருக்கிறேன், பட்டினி கிடக்கவும் பழகியிருக்கிறேன் என்கிறார். அந்த "எல்லாவற்றையும்" என்பதற்குள் பட்டினியும் இருக்கிறது. இன்னும் நான்கைந்து வசனம் கீழே போனால், பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் அனுப்பிய உதவிக்கு நன்றி சொல்கிறார். அதாவது எல்லாவற்றையும் என்னால் தாங்க முடியும் என்று எழுதிய அதே மனிதர், உங்கள் உதவி எனக்கு வந்து சேர்ந்தது, நல்லது செய்தீர்கள் என்றும் எழுதுகிறார். ஸ்டிக்கரில் வசனத்தின் பெலன் வந்துவிட்டது, நன்றி விட்டுப்போய்விட்டது.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். வெட்டி எடுத்த வசனத்தால் வரும் உற்சாகம் காலை டீயோடு முடிந்துவிடும். அதிகாரம் அதிகாரமாக, தினம் கொஞ்சம், வரிசையாக வாசிப்பதால் வரும் நன்றியுணர்வு கெட்ட நாளிலும் நிற்கும். கெட்ட நாட்களும் அந்தப் பக்கங்களிலேயே எழுதப்பட்டிருப்பதுதான் காரணம்.

கெட்ட நாள் என்றால் என்ன என்று நம் பகுதிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2014 நவம்பர் 1 அன்று ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியது உங்களுக்கு நினைவிருக்கும். 2006-இல் அது தொடங்கியபோது வேலைக்குப் போகாத தெரு இல்லை. மூடியபோது அழாத தெருவும் இல்லை. அந்தச் சமயத்தில் வந்த ஆறுதல் வார்த்தைகளில் ஒன்று எனக்குப் பிடிக்கவே இல்லை. "எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்க, முறுமுறுக்காதீங்க" என்பது. இப்போதும் ஒப்பந்த வேலை முடிந்து வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் இதைச் சொல்கிறோம். ஓவர்டைம் பார்த்து முதுகு வலிக்கிறது என்று சொல்லும் பெண்ணிடம், வேலை இருக்கிறதே என்று நன்றியோடு இரு என்கிறோம். நன்றி என்ற நல்ல வார்த்தையை வாயை மூடும் பிளாஸ்திரியாக்கிவிட்டோம்.

வேதம் அப்படிச் சொல்கிறதா? யாத்திராகமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், நம் தொழிற்பேட்டைப் பிள்ளைகளுக்காகவே எழுதிய புத்தகம் போல இருக்கிறது. எகிப்தில் இஸ்ரவேலருக்கு வேலை செங்கல் அறுப்பது. ஐந்தாம் அதிகாரத்தில் பார்வோன் ஒரு உத்தரவு போடுகிறான். இனி வைக்கோல் கொடுக்கக் கூடாது, அவர்களே போய்த் தேடிக்கொள்ளட்டும், ஆனால் செங்கல் கணக்கு ஒன்றுகூடக் குறையக் கூடாது. மெட்டீரியல் வரவில்லை, டார்கெட் மட்டும் அதேதான். கணக்குக் குறைந்தபோது அடி வாங்கியது யார் தெரியுமா? இஸ்ரவேலரிலிருந்தே நியமிக்கப்பட்ட தலைவர்கள். லைன் லீடராக இருக்கும் என் மாணவர்களுக்கு அந்த வலி புரியும். அவர்கள் போய் முறையிட்டபோது பார்வோன் சொன்ன பதில், நீங்கள் சோம்பேறிகள் என்பது. மூவாயிரம் வருஷத்துக்கு மேலாகியும் அந்தப் பதில் மாறவில்லை.

இதில் தேவன் எங்கே இருக்கிறார்? இரண்டாம் அதிகாரத்தின் கடைசியிலேயே பதில் இருக்கிறது. அவர்கள் பெருமூச்சுவிட்டு முறையிட்டார்கள், அந்தச் சத்தத்தை அவர் கேட்டார். மீட்பின் கதையே முறையீட்டிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. வலிக்கிறது என்று சொல்வது நன்றிகெட்டதனம் என்றால் யாத்திராகமம் இரண்டாம் அதிகாரத்தோடு முடிந்திருக்கும். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்ற தோழிகளுக்காக நம் பெண்பிள்ளைகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்களே, அன்று "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு நன்றியே இல்லை" என்று சொன்னவர்களும் உண்டு. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டபோது எனக்கு அந்தப் பிள்ளைகளின் ஞாபகம்தான் வந்தது. தங்கும் இடத்தைப் பற்றி ஊரே பேச வேண்டும் என்றால் முதலில் யாராவது வலிக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். நன்றியும் முறையீடும் ஒரே வாயிலிருந்து வரலாம். சங்கீதப் புத்தகம் முழுக்க அப்படித்தான் இருக்கிறது.

இனி பதினாறாம் அதிகாரம். மன்னாவின் கதை. எல்லாருக்கும் ஞாயிறு பள்ளியிலிருந்தே தெரியும், ஆனால் மெதுவாக வாசியுங்கள். வனாந்தரத்தில் பசியால் முறுமுறுக்கிறார்கள், தேவன் அடிக்கவில்லை, சாப்பாடு தருகிறார். ஆளுக்கு ஒரு ஓமர், நம் கணக்கில் சுமார் இரண்டு லிட்டர் படி. அதிகம் சேர்த்தவனுக்கு மீதியில்லை, குறைவாகச் சேர்த்தவனுக்குக் குறைவில்லை. நாளைக்கு என்று எடுத்து வைத்தால் புழு வைத்து நாறிப்போகிறது. ஆறாம் நாள் மட்டும் இரண்டு மடங்கு, ஏழாம் நாள் ஓய்வு. கவனியுங்கள், பத்துக் கட்டளை வருவது இருபதாம் அதிகாரத்தில்தான். அதற்கு முன்னாலேயே வார விடுமுறை வந்துவிட்டது. லீவே இல்லாமல் செங்கல் அறுத்த ஜனங்களுக்குத் தேவன் முதலில் பழக்கியது இரண்டு விஷயம். இன்றைக்குப் போதுமானதை இன்றைக்கு வாங்கிக்கொள்வது, ஒரு நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது.

தினசரி வேதவாசிப்பும் மன்னா மாதிரிதான். புத்தாண்டு ஆராதனையில் ஒரு வாக்குத்தத்த அட்டையை எடுத்து, ஃபிரிட்ஜில் ஒட்டி, வருஷம் முழுக்க அதிலேயே ஓட்டிவிடலாம் என்று நினைத்தால் அது எடுத்து வைத்த மன்னாவாகிவிடும். அட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைத் திறவுகோலாக வைத்து உள்ளே போங்கள் என்கிறேன்.

உபாகமம் இந்தக் கதையை இரண்டு இடத்தில் திரும்பப் பார்க்கிறது. எட்டாம் அதிகாரம், வசதி வந்தபிறகு மறந்துவிடாதே என்கிறது. நல்ல வீடு கட்டி, ஆடு மாடு பெருகி, வெள்ளியும் பொன்னும் சேர்ந்தபிறகு, என் சாமர்த்தியத்தால் சம்பாதித்தேன் என்று உன் மனம் சொல்லும், ஜாக்கிரதை என்கிறது. நிலம் கொடுத்த பணத்தில் மாடி வீடு கட்டி, அதையும் கூறுபோட்டு வாடகைக்கு விட்டிருக்கும் என் உறவினர்கள் அந்த அதிகாரத்தைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். பெயர் சொல்ல மாட்டேன், அத்தை என்று கூப்பிடுபவர்களுக்கே புரியும். ஐந்தாம் அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஓய்வுநாளில் உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல ஓய்வெடுக்க வேண்டும், நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தாய் என்பதை நினைத்துக்கொள் என்கிறது. நன்றி என்றால் தேவனைப் பார்த்துக் கைகூப்புவது மட்டுமல்ல. எனக்குக் கிடைத்த ஓய்வு என் கீழே வேலை செய்கிறவருக்கும் கிடைக்கிறதா என்று பார்ப்பதும் அதில் சேரும். ஷிப்ட் போடும் பொறுப்பில் இருக்கும் மாணவர்கள், வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருக்கும் மாணவிகள், வாடகை வாங்கும் உறவினர்கள் எல்லாருக்கும் இதில் பங்கு உண்டு.

சரி டீச்சர், நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. "அதிகாலையில் எழுந்து ஜெபிக்கிறவன்தான் ஆவிக்குரியவன்" என்று பிரசங்கத்தில் கேட்டு, நைட் ஷிப்ட் பிள்ளைகள் குற்ற உணர்வில் வாடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஊரே எழுந்து ஜெபிக்கும் நேரத்தில் அவர்கள் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்காகவே ஒரு சங்கீதம் இருக்கிறது, 134. மூன்றே வசனம். ராத்திரி நேரத்தில் கர்த்தருடைய ஆலயத்தில் நின்று பணி செய்கிறவர்களைப் பற்றியது. ஆலயத்திலும் நைட் டூட்டி இருந்திருக்கிறது! ஆகவே நேரம் முக்கியமல்ல, தவறாமல் செய்வதுதான் முக்கியம். நைட் ஷிப்ட் முடிந்து வந்தவனுக்குக் காலை ஏழரை மணிதான் இரவு ஜெபம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தவறாமல் செய்வது என்றால் என்ன என்று நம் ஊரிலேயே பார்க்கலாம். ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் அவதரித்த ஊர். மார்கழி வந்தால் நாளுக்கு ஒரு பாசுரமாகத் திருப்பாவை முப்பதையும் சேவிக்கிறார்கள். ஒரே நாளில் முப்பதையும் முடித்துவிடலாமே என்று யாரும் கேட்பதில்லை. ஒரு நாள் முழுக்க ஒரு பாசுரத்தை அசைபோட முடியும் என்று அவர்களுக்குத் தெரியும். ராமானுஜருக்குத் திருப்பாவை ஜீயர் என்றே ஒரு பெயர் உண்டு. அண்டை வீட்டாரின் இந்த ஒழுங்கைப் பார்த்து நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

நம் கையில் இருக்கும் புத்தகமும் எளிதாக வந்துவிடவில்லை. சீகன்பால்க் 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, தமிழ் படித்து, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். அது 1715-இல் அங்கேயே அச்சாகி முடிந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை, தாள் போதவில்லை. ஆகவே தரங்கம்பாடிப் பட்டறையிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். உலோகம் உருக்கியவர்கள், எழுத்துக் கோத்தவர்கள், தாள் சுமந்தவர்கள் என்று தொழிலாளர் கைகள் வழியாகத்தான் தமிழ் வேதம் நமக்கு வந்தது. மோல்டிங்கிலும் காஸ்டிங்கிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் இதைப் பெருமையோடு நினைத்துக்கொள்ளலாம். இன்று போனில் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய மொழிபெயர்ப்பு கடினமாக இருந்தால் 1995-இல் வந்த திருவிவிலியத்தை வாசியுங்கள். அறையில் கூட இருக்கும் ஒடிசா தம்பிக்கு அவன் மொழியில் இறக்கிக் கொடுங்கள்.

நன்றியை எப்படிப் புதுப்பிப்பது? நான் செய்வதைச் சொல்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒரு அதிகாரம் வாசித்தபிறகு மூன்று வரி எழுதுவேன். இந்த அதிகாரம் யாரிடம், எந்த நிலைமையில் பேசுகிறது என்று ஒரு வரி. இன்று எனக்கு வலிப்பது என்ன என்று ஒரு வரி. இன்று யாருடைய உழைப்பால் எனக்கு நன்மை வந்தது என்று ஒரு வரி, அதில் கண்டிப்பாக ஒரு மனிதரின் பெயர் இருக்க வேண்டும். "எல்லா நன்மைகளுக்கும் ஸ்தோத்திரம்" என்று மொத்தமாக எழுதினால் அது ரவுண்ட் ஆஃப் செய்த விடை, எனக்குப் பிடிக்காது. பால் போடும் தம்பி, மாத்திரை எடுத்துக் கொடுத்த மருந்துக்கடைப் பெண், ஆட்டோவில் கைப்பிடித்து இறக்கிவிட்ட டிரைவர் என்று எழுதுகிறேன். எழுதியபிறகு முடிந்தால் அவர்களிடம் நேரில் சொல்கிறேன். லூக்கா 17-இல் பத்துக் குஷ்டரோகிகள் சுகமானார்கள், திரும்பி வந்து நன்றி சொன்னவன் ஒருவன், அவனும் வேற்றானாக ஒதுக்கப்பட்ட சமாரியன். அந்தக் கதையை வாசித்ததிலிருந்து திரும்பிப் போய்ச் சொல்லாத நன்றி எனக்குப் பாதி நன்றியாகவே தெரிகிறது.

வேலை போய் நான்கு மாதம் வீட்டிலிருந்த என் மாணவன் ஒருவனுக்கு இந்த நோட்டுப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தேன். அவன் புலம்பல் புத்தகத்திலிருந்து ஆரம்பித்தான். தேவனுடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவை என்ற கருத்து வரும் மூன்றாம் அதிகாரத்தை அடைந்தபோது எனக்குப் போன் செய்தான். "டீச்சர், இது புத்தாண்டு கார்டு வசனம்னு நெனச்சேன். எரிஞ்சு போன ஊர்ல உட்கார்ந்துகிட்டு எழுதியிருக்காங்க" என்றான். அவனுக்கு அன்று வேலை கிடைக்கவில்லை. ஆனால் அவன் குரலில் பல வாரங்களாக இல்லாத தெம்பு இருந்தது. தன் நிலைமையில் இருந்தவர்கள் எழுதிய வரி அது என்று தெரிந்ததால் வந்த தெம்பு. அந்த வசனத்தை அவனுக்கு நான் படமாக அனுப்பியிருந்தால் ஒரு கைகூப்பும் எமோஜியோடு முடிந்திருக்கும்.

ஆகவே டீச்சர் வீட்டுப்பாடம் கொடுக்காமல் விடமாட்டேன். யாத்திராகமம் முதல் பதினாறு அதிகாரம், பதினாறு நாள், நாளுக்கு ஒன்று. பஸ்ஸிலோ, கேன்டீனிலோ, தூங்கப் போகும் முன்போ, பத்து நிமிஷம். மூன்று வரி எழுதுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் தொடருங்கள், இரண்டையும் சேர்த்து முடிக்க வேண்டாம். அந்தப் பதினாறு நாளும் எனக்குப் படம் அனுப்ப வேண்டாம். அதற்குப் பதிலாக நீங்கள் எழுதிய மூன்று வரியில் ஒரு வரியை அனுப்புங்கள், எழுத்துப்பிழை இருந்தாலும் பரவாயில்லை. வலியைப் பற்றிய வரியாக இருந்தால் அதற்காக ஜெபிப்பேன், முடிந்தால் போனும் செய்வேன்.

எல்லாரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நைட் ஷிப்ட் பிள்ளைகள் வண்டியைத் தூக்கக் கலக்கத்தில் ஓட்டாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்